கட்டிவைத்து அடித்தால் களவு நிற்குமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குப் பதில் வேண்டும்

சோளகக்காற்று எழுதியது:

வணக்கம். திருகோணமலை நகரத்துக்கு வடக்கே கடற்கரையில் எங்கள் ஊர். ஊரின் பெயரை எழுதவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கடலுக்குப் போகிறேன். மூன்று வருடமாக எங்கள் ஊர் மீனவர் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். அதனால்தான் இந்தச் சிக்கல் என் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

பங்குனியில், கடல் இறங்கித் தொழில் தொடங்கிய முதல் வாரத்தில், என் எஞ்சின் களவு போனது. 25 குதிரைவலு எஞ்சின். வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை. மனைவியின் தாலிக்கொடி அடைவில் இருக்கிறது. அதிகாலை நான்கு மணிக்கு வாடிக்குப் போனேன். சங்கிலி அறுந்து மணலில் கிடந்தது. எஞ்சின் வைத்திருந்த கட்டையில் எண்ணெய் கசிந்த வட்டம் மட்டும் இருந்தது. அந்த வட்டத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். இன்னும் ஈரமாக இருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே குந்தியிருந்தேனோ தெரியாது, பக்கத்துப் படகுக்காரர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தேன்.

ஐந்தாம் நாள் எங்கள் ஒழுங்கைப் பையன் ஒருவனைப் பிடித்தார்கள். பத்தொன்பது வயது. என் படகிலேயே இரண்டு பருவம் வலை இழுத்தவன். வாடிக்கு முன்னால் நிற்கிற தென்னையில் கட்டினார்கள். கட்டிய கயிறு என்னுடைய நங்கூரக் கயிறு. நானும் அடித்தேன். இரண்டு அடி. அதை மறைத்துவிட்டு உங்களிடம் யோசனை கேட்பது முறையல்ல.

முந்நூறு பேராவது கூடியிருப்பார்கள். பாதிப் பேர் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். பையன் அடிக்கிறவர்களைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் யாரையோ தேடிக்கொண்டே இருந்தான். கால்விரல்களால் மணலைக் கிண்டிக் கிண்டி, நின்ற இடத்தில் ஒரு சிறு குழி விழுந்துவிட்டது. அவன் தேடிய தாய் வலைக் குவியலுக்குப் பின்னால் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள் தெரிந்தாள். அவனுக்குத் தெரியவில்லை.

அரை மணி நேரத்தில் எஞ்சின் இருக்கும் இடத்தைச் சொன்னான். ஆட்கள் இல்லாத ஒரு வளவில், கிடுகுக் கட்டுகளுக்கு அடியில் இருந்தது. அடித்ததால்தான் கிடைத்தது என்று ஊர் சொல்கிறது. அதை என்னால் மறுக்க முடியவில்லை. எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது.

ஆனால் வைகாசி முடிவதற்குள் இன்னும் இரண்டு எஞ்சின்களும் ஒரு தொகுதி வலையும் போய்விட்டன. அந்தப் பையன் அப்போது ஊரிலேயே இல்லை. தென்னையில் கட்டியதை ஊரே பார்த்தது, பார்க்காதவர்கள் காணொளியில் பார்த்தார்கள். அப்படியிருந்தும் போனது.

இப்போது சங்கத்தில் ஒரு தீர்மானம் வருகிறது. இனி யார் பிடிபட்டாலும் பொலிசுக்குப் போவதில்லை. ஞாயிறு மாலை கடற்கரையில் கட்டி, எல்லா வீட்டாரும் பிள்ளைகளோடு வந்து பார்க்கவேண்டும். வராத வீட்டுக்குத் தண்டப்பணம். முதல் தடவை போதவில்லை, அதனால்தான் திரும்பவும் களவு நடந்தது, இன்னும் கடுமையாகச் செய்யவேண்டும் என்பது அவர்களின் வாதம். இதை அறிக்கைக் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டியவன் நான்.

போன கிழமை வீட்டுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. என் மகனுக்கு ஒன்பது வயது. அயல்வீட்டுச் சின்னவனை முருங்கை மரத்தில் கொடிக்கயிற்றால் கட்டி வைத்து ஈர்க்கால் அடித்துக்கொண்டிருந்தான். இன்னொரு பிள்ளை செங்கல் துண்டொன்றைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் அந்த வயதில் கள்ளன் பொலிஸ் விளையாடினோம். இந்த விளையாட்டில் பொலிஸ் கிடையாது.

மகனை நான் அடிக்கவில்லை. எந்த முகத்தோடு அடிப்பேன்?

எல்லோரும் பார்க்கக் கடுமையாகத் தண்டித்தால் குற்றம் குறையுமா? அறிந்தவர்கள் சொல்லுங்கள். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை.

பாலையூற்று அம்மா எழுதியது:

தம்பி, கையெழுத்து வையுங்கள். இரண்டு தரம் யோசிக்க வேண்டாம்.

நான் தையல் தைத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். மூத்தவன் இப்போது ஐஸ் என்ற அந்தப் போதை நஞ்சில் இருக்கிறான். முதலில் எரிவாயு சிலிண்டர் போனது. பிறகு தங்கையின் சைக்கிள் போனது. கடைசியாக என் தையல் இயந்திரத்தின் தலையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். மேசை மட்டும் இருக்கிறது. அந்த மேசையில் கையை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அவனுக்கு அதை விற்றவன் என் படலையைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் போகிறான். ஒரு தடவை பிடித்தார்கள். சில வாரங்களில் பிணையில் வந்துவிட்டான். வந்த அன்று வெடி கொளுத்தினார்கள். என் மகன் வயதுப் பையன்கள் அவனைச் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். அவனைப் பார்த்து அவர்கள் என்ன படிக்கிறார்கள்? நீங்கள் உங்கள் பிள்ளை முருங்கையில் கட்டி விளையாடியதைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகள் அந்த விற்பனைக்காரன் மாதிரித் தலைமுடி வெட்டிக்கொள்கிறார்கள்.

2019ஆம் ஆண்டு, போதைப்பொருள் கடத்திய நான்கு பேரைத் தூக்கிலிடக் கையெழுத்து வைத்துவிட்டதாக அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன சொன்னார். அன்று நான் கோணேசர் கோயிலுக்குப் போய்ச் சிதறுதேங்காய் அடித்தேன். பிறகு உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவிட்டது. என் தேங்காய் வீண்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒருவனையாவது தூக்கிக் காட்டட்டும். நகரம் முழுவதும் பார்க்கட்டும். அடுத்தவன் அந்தப் பொட்டலத்தைக் கையில் எடுக்கும்போது கை நடுங்கவேண்டும். இதைவிட எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

உவர்மலை எழுதியது:

தம்பி சோளகக்காற்று, தங்கை பாலையூற்று இருவருக்கும் வணக்கம். நான் கிழக்கு மாகாணத்து நீதிமன்றங்களில் முப்பத்தொரு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை நீதிபதிக்கு ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ சொல்லவேண்டும், அங்கே சொல்வதை இங்கே தமிழில் சொல்லவேண்டும். மரணதண்டனைத் தீர்ப்பைத் தமிழில் என் வாயால் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அன்று மத்தியானம் சோறு இறங்காது.

முதலில் நம் நாட்டுக் கதையைச் சொல்கிறேன். 1956இல் பண்டாரநாயக்க அரசாங்கம் வந்ததும் தூக்குத் தண்டனையை நிறைவேற்றுவதை நிறுத்தியது. 1958இல் அதற்கென்று ஒரு சட்டமும் வந்தது. அப்போதே, கயிறு இல்லாவிட்டால் கொலை பெருகிவிடும் என்று பலர் சத்தம் போட்டார்கள். அதை ஆராய நோர்வல் மொரிஸ் என்ற குற்றவியல் பேராசிரியர் தலைமையில் ஆணைக்குழு அமைத்தார்கள். 1959இல் அறிக்கை வந்தது. தூக்கை நிறுத்தியதால் கொலை கூடியது என்று காட்ட ஆதாரம் இல்லை என்று அந்த ஆணைக்குழு சொன்னது. ஆனால் அதே வருடம் செப்டெம்பரில் பிரதமர் பண்டாரநாயக்கவே சுடப்பட்டு இறந்தார். நாடு கொதித்தது. தூக்கு திரும்பி வந்தது. சுட்டவர் 1962இல் தூக்கிலிடப்பட்டார். அறிக்கை அலுமாரிக்குள் போனது. கோபம் வந்த நாளில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. உங்கள் கடற்கரையிலும் அதுதான் நடந்தது.

1976 ஜூன் மாதத்துக்குப் பிறகு இந்த நாட்டில் நீதிமன்றத் தீர்ப்பின்படி யாரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனால் சட்டம் இளகவும் இல்லை. 1984இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, 2 கிராம் ஹெரோயினுக்கே மரணதண்டனை அல்லது ஆயுள் என்று எழுதினார்கள். 2022இல் ஐஸ் என்கிற மெதம்பெட்டமைனுக்கு 5 கிராம் என்று எழுதினார்கள். தங்கை, உங்கள் படலையைத் தாண்டிப் போகிறவனுக்கு இந்த எண்கள் உங்களையும் என்னையும்விட நன்றாகத் தெரியும். அவன் சட்டைப்பையில் அவ்வளவு இருக்காது. இருக்கிறவன் மோட்டார் சைக்கிளில் ஒழுங்கைக்குள் வரமாட்டான்.

தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடுமை கூடினால் பயம் கூடும், அது உண்மை. ஆனால் யாருக்குப் பயம் வருகிறது என்று பார்க்கவேண்டும். திருடப் போகிறவன் தான் பிடிபடுவோம் என்று நினைத்துப் போவதில்லை. ஆகவே பிடிபட்ட பிறகு நடக்கப்போவது அவன் கணக்கில் சேர்வதில்லை. பயம் வருவது கண்டவர்களுக்கு. அவனைக் கண்ட அக்காவுக்கு, மாமிக்கு, அயல்வீட்டுக்காரருக்கு. 'நான் வாயைத் திறந்தால் இந்தப் பிள்ளையைக் கொன்றுவிடுவார்கள்' என்று அவர்கள் வாயைக் கட்டிக்கொள்கிறார்கள்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. கொலை முயற்சி வழக்கு ஒன்று. முக்கிய சாட்சி ஒரு கிழவி. காலையில் நீதிமன்ற விறாந்தையில் உட்கார்ந்திருந்தார். பேரனின் சட்டைப் பொத்தான் கழன்றிருந்தது. மடியிலிருந்து ஊசி எடுத்து, நூலை நாக்கில் நனைத்து, ஒரே முயற்சியில் கோத்துத் தைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அரை மணி நேரம் கழித்துக் கூண்டில் ஏறினார். எதிரிக் கூண்டில் நிற்பவரை அடையாளம் தெரிகிறதா என்று கேட்டார்கள். கிழவி எதிரியைப் பார்க்கவில்லை. பின்வரிசையில் இருந்த எதிரியின் தாயைப் பார்த்தார். பிறகு, 'எனக்குக் கண் பார்வை குறைவு ஐயா' என்றார். அதை நான் மொழிபெயர்த்தேன். என் வேலை அதுதான். வழக்கு அதோடு விழுந்தது.

இங்கிலாந்தில் இது பெரிய அளவில் நடந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் அங்கே இருநூறுக்கு மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு. வீட்டுக்குள் புகுந்து 40 சிலிங் பெறுமதியான பொருளைத் திருடினாலே தூக்கு. அதுவும் மக்கள் கூடிப் பார்க்கும்படி. ஜூரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? திருட்டுப் போன பொருளின் பெறுமதி 39 சிலிங் என்று தீர்ப்பு எழுதினார்கள். சத்தியம் செய்து உட்கார்ந்தவர்கள் வேண்டுமென்றே விலையைக் குறைத்தார்கள், ஓர் உயிருக்காக. கள்ளக் கையெழுத்துக்கும் தூக்கு இருந்தது. 1830இல் அந்தத் தூக்கை எடுத்துவிடுங்கள் என்று பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தவர்கள் வங்கிக்காரர்கள்! பணம் பறிகொடுத்தவர்களே கேட்டார்கள். தண்டனை அவ்வளவு கொடூரமாக இருந்ததால் யாரும் முறையிடவும் சாட்சி சொல்லவும் தீர்ப்பளிக்கவும் தயங்கினார்கள், கள்ளர்கள் தப்பினார்கள். 1868இல் அந்த நாடு பகிரங்கத் தூக்கையே நிறுத்திவிட்டது.

அப்படியானால் உங்கள் சங்கத்தார் சொன்ன 'இன்னும் கடுமையாக' என்பதன் பொருள் என்ன? இன்னும் அதிகமான பேர் வாய் திறக்கமாட்டார்கள் என்பதுதான்.

பிழையான ஆளைப் பிடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவவில் ஒரு சின்னப் பிள்ளை கொடூரமாகக் கொல்லப்பட்டது. தூக்குத் தண்டனையைக் கொண்டுவா என்று நாடு முழுவதும் கேட்டது. பதினேழு வயதுப் பாடசாலை மாணவன் ஒருவனையும் பிள்ளைகுட்டிக்காரர் ஒருவரையும் பிடித்தார்கள். மரபணுப் பரிசோதனை அவர்கள் இல்லை என்றது. பிறகு ஒருவரைப் பிடித்தார்கள். அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று செய்தி வந்தது. மரபணு அவருக்கும் பொருந்தவில்லை, அவருடைய அண்ணனுக்குத்தான் பொருந்தியது. அந்த மூன்று பேரில் ஒருவரை முதல் வாரத்தில் தென்னையில் கட்டியிருந்தால்? வைகாசியில் கண்ணகை அம்மன் கோயிலில் வழக்குரை படிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாண்டியன் கெட்டவன் அல்லன். பொற்கொல்லனின் சொல்லைக் கேட்டதும் விசாரிக்காமல் ஆளை அனுப்பியவன், அவ்வளவுதான்.

சட்டமும் சொல்லிவிடுகிறேன். 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தோடு கசையடியை நீதிமன்றமே கொடுக்கமுடியாது. நீதிபதிக்கு இல்லாத அதிகாரம் ஒரு சங்கத்துக்கு எங்கிருந்து வரும்? அந்தத் தீர்மானத்தில் கையெழுத்து வைத்த பிறகு ஒரு பிள்ளை அடியில் செத்தால், அந்தக் கொப்பிதான் உங்களுக்கு எதிரான முதல் சான்றுப்பொருள். எண் போட்டு மேசையில் வைப்பார்கள். எத்தனை கொப்பிகளை அப்படிப் பார்த்திருக்கிறேன்!

செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு எஞ்சினிலும் கவ்விக்குப் பக்கத்தில் தகட்டில் இலக்கம் இருக்கும். அதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். வாங்கிய பற்றுச்சீட்டோடு ஒத்துப் பாருங்கள். அந்தப் பட்டியலைப் பக்கத்து ஊர்ச் சங்கங்களுக்கும் எஞ்சின் திருத்துகிறவர்களுக்கும் கொடுங்கள். களவெடுத்த எஞ்சினை வாங்க ஆள் இல்லையென்றால் அதைத் தூக்கிக்கொண்டு போகிறவனும் இல்லை.

மூதூரான் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். துறைமுகத்துக்கு இக்கரையிலிருந்து எழுதுகிறேன். பகிரங்கத் தண்டனை என்றால் எங்கள் ஊரில் ஒரு பெயர்தான் நினைவுக்கு வரும். றிசானா நபீக்.

2005இல் சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போனபோது அந்தப் பிள்ளைக்குப் பதினேழு வயது. முகவர்கள் கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டு அனுப்பினார்கள். போய்ச் சில வாரங்களில், அவருடைய பொறுப்பில் இருந்த நான்கு மாதக் குழந்தை இறந்துவிட்டது. பால் கொடுக்கும்போது மூச்சுத் திணறியது என்று அவர் சொன்னார். கொலை என்று தீர்த்தார்கள். தகுதியான மொழிபெயர்ப்பு இல்லாமல் எடுத்த வாக்குமூலம் என்று அவருக்காகப் பேசியவர்கள் கடைசிவரை சொன்னார்கள். 2013 ஜனவரி 9ஆம் திகதி தலை துண்டிக்கப்பட்டது.

அன்று மூதூரில் நான் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆசிரியர் கரும்பலகையில் திகதி எழுதிவிட்டு அடுத்த வரியை எழுதாமல் நின்றார். வெண்கட்டி கையில் இருக்க, முதுகைக் காட்டியபடி நின்றார். பிறகு எங்களை வெளியே போய் விளையாடச் சொன்னார். யாரும் விளையாடவில்லை.

ஐயா உவர்மலை மொழிபெயர்ப்பாளர் என்று வாசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் முதல் நாளே உங்களைப் போல் ஒருவர் நின்றிருந்தால் என்று நினைத்தேன்.

மார்க்கத்தைக் குறைசொல்ல நான் வரவில்லை. எங்கள் மார்க்கத்தில் சாட்சியத்துக்கு இறுக்கமான நிபந்தனைகள் உண்டு, சந்தேகம் இருந்தால் தண்டனையைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது, மன்னிப்புக்கு இடம் உண்டு. அந்த நிபந்தனைகளை எல்லாம் விட்டுவிட்டு வாளை மட்டும் எடுத்துக்கொள்வதைத்தான் நான் ஏற்கமாட்டேன். பாலையூற்று அம்மா கேட்கிற தூக்குமரத்தை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நட்டால், முதலில் அதில் ஏறுகிறவர் யாராக இருப்பார்? கொழும்பில் பெரிய வழக்கறிஞர் வைத்திருக்கிறவரா, கூலிக்குப் பொட்டலம் தூக்கிய ஏழை வீட்டுப் பிள்ளையா? அம்மா, கோபிக்கவேண்டாம், உங்கள் மகனாகவும் இருக்கலாம்.

பாலையூற்று அம்மா எழுதியது:

தம்பி மூதூரான், கோபம் இல்லை. அந்தப் பிள்ளைக்காக நானும் அன்று அழுதேன்.

நீங்கள் கடைசியில் எழுதியதை வாசித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அடுப்பில் சோறு கரிந்துவிட்டது. என் மகனும் சில நாட்களில் யாருக்கோ பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அது எனக்குத் தெரியும். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உவர்மலை ஐயா சொன்ன அந்த ஊசி கோத்த கிழவி நான்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன் ஐயா. அவனைத் தூக்கவேண்டாம், சரி. அடிக்கவேண்டாம், சரி. வெடி கொளுத்தி வரவேற்கிறார்களே, அதற்கு நான் என்ன செய்ய? அவன் மேலுள்ள வழக்குக்கு நான்கு வருடம் என்கிறார்கள். நான்கு வருடத்தில் என் பிள்ளை இருப்பானா?

உவர்மலை எழுதியது:

தங்கை, உங்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை. வழக்கு இழுபடுவதுதான் இந்த நாட்டில் குற்றவாளிக்குக் கிடைக்கும் பெரிய கொடை. அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வரவேண்டும், சட்டமா அதிபரிடமிருந்து குற்றப்பத்திரம் வரவேண்டும், நீதிபதி மாறுவார், சாட்சி வெளிநாடு போய்விடுவார். தூக்குமரம் கேட்டுக் கூடுகிற கூட்டத்தில் கால்வாசிப் பேர், இந்த வழக்கு ஏன் இன்னும் எடுக்கப்படவில்லை என்று கேட்டு ஒரு நாள் நீதிமன்ற வாசலில் நின்றிருந்தால் கூடப் போதும். நான் நின்றதில்லை. அது என் மனதில் கிடக்கிறது.

மகன் விஷயத்தைத் தாமதிக்காதீர்கள். ஒரு மருத்துவரிடம் நேரே கொண்டுபோங்கள். தனியாகப் போகப் பயமென்றால் நானும் என் மனைவியும் வருகிறோம். தனிச்செய்தி அனுப்புங்கள்.

சோளகக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று வியாழக்கிழமை. நடந்ததைச் சொல்கிறேன்.

உவர்மலை ஐயா எழுதியதை வாசித்த இரவு நித்திரை வரவில்லை. காலையில் அந்தக் கிடுகுக் கட்டுகள் கிடந்த வளவுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே இருப்பவர் எனக்கு மாமி முறை. நேராகவே கேட்டேன், 'மாமி, அன்று இரவு ஏதாவது கண்டீர்களா?' மாமி கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைக்கவில்லை. சூடை மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: 'கண்டேன் மகன். அவன் தூக்கிக்கொண்டு வந்ததைக் கண்டேன். அடுத்த நாள் உன் முகத்தைப் பார்க்கமுடியாமல் உள்ளுக்குள்ளேயே இருந்தேன். சொல்லியிருந்தால் நீங்கள் அவனை விட்டுவைத்திருப்பீர்களா?'

ஐந்து நாள். முதல் நாளே தெரிந்த ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருந்திருக்கிறார். அடித்ததால்தான் எஞ்சின் கிடைத்தது என்று இவ்வளவு நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். அடிக்கமாட்டோம் என்று தெரிந்திருந்தால் அடுத்த நாள் காலையிலேயே கிடைத்திருக்கும்.

அன்றே ஒரு கொப்பி வாங்கினேன். இரண்டு நாளாக வாடி வாடியாகப் போய் எஞ்சின் இலக்கங்களை எழுதினேன். மொத்தம் நாற்பத்தொரு எஞ்சின்கள். செயலாளர் கேட்கிறார் என்று யாரும் மறுக்கவில்லை. உப்புப் பிடித்த தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத்தான் வாசிக்கவேண்டியிருந்தது. முப்பத்தெட்டு இலக்கங்கள் பற்றுச்சீட்டோடு சரியாக இருந்தன. ஒன்று துருவேறி வாசிக்க முடியவில்லை.

மற்ற இரண்டிலும் இலக்கம் அராவப்பட்டிருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். அரம் ஓடிய கீறல்கள் விரலில் தட்டுப்பட்டன. ஒன்றில் அதன் மேல் புதிதாக வர்ணம் பூசியிருந்தார்கள். அந்த எஞ்சின் உரிமையாளர் என் பக்கத்திலேயே நின்றார். நான் குனிந்தபடி இருந்தேன், நிமிரவில்லை. 'சரி அண்ணா' என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தீர்மானத்தைக் கொண்டுவருகிறவர் அவர்தான்.

இப்போது மாமிக்குத் தெரிந்தது போல எனக்கும் ஒன்று தெரியும். நானும் வாய் திறக்காமல் இருக்கிறேன். வெளியே சொன்னால் அதே தென்னை, அதே கூட்டம். அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள். மூத்தவள் என் மனைவியோடு கோயிலுக்கு வருகிறவள். அவர் எஞ்சினைத் தெரிந்தே வாங்கினாரா, மலிவாகக் கிடைத்ததென்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாரா, அதுகூட எனக்குத் தெரியாது. கொப்பியில் அந்த இரண்டு வரிகளையும் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

தீர்மானத்தில் நான் கையெழுத்து வைக்கமாட்டேன். அது முடிவாகிவிட்டது. இன்று பின்னேரம் தென்னையில் இன்னும் சுற்றியிருந்த என் நங்கூரக் கயிற்றை அவிழ்த்தேன். இறுகிப்போயிருந்தது, கத்தியால் அறுக்கவேண்டியதாயிற்று. என் மகன் பக்கத்தில் நின்று, 'ஏன் அப்பா எடுக்கிறீர்கள்?' என்று கேட்டான். நங்கூரத்துக்குத் தேவை என்றேன். அறுந்த கயிறு நங்கூரத்துக்கு உதவாது என்று அவனுக்கே தெரியும்.

ஐயா உவர்மலை, அந்த இரண்டு வரிகளை என்ன செய்வது என்று நான் உங்களிடம் நேரில் கேட்கவேண்டும். சனிக்கிழமை காலை கடலிலிருந்து வந்ததும் உங்கள் பக்கம் வரலாமா? கொப்பியைக் கொண்டுவருகிறேன்.